அவுரி படிந்த கைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காதல் நாவல்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவரும் தொடர்கட்டுரையின் முதல் பகுதியைப் படித்தேன். எத்தனை இடர் வந்தாலும் இறுதியில் காதலர் இருவரும் ஒன்றுசேர்ந்துவிடுவதே இவ்வகை எழுத்தின் பலவீனம் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அமெரிக்கக் கறுப்பின நாவலாசிரியர் பெவர்லி ஜென்கின்ஸைப் பல ஆண்டுகளாகப் படித்து வரும் எனக்கு இக்கருத்து ஏற்புடையதாக இல்லை.

1951-இல் டெட்ராய்ட் நகரில் பிறந்த ஜென்கின்ஸ், நூலகப் பணியில் இருந்துகொண்டே, தாம் படிக்க ஆசைப்பட்ட கதை கடைகளில் கிடைக்காததால் அதைத் தமக்காகவே எழுதத் தொடங்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில், கான்சாஸில் கறுப்பின மக்கள் அமைத்துக்கொண்ட ஓர் ஊரில், பள்ளி ஆசிரியை ஒருத்திக்கும் குதிரைப்படை வீரன் ஒருவனுக்கும் மலரும் காதலே அக்கதை. உடன் பணியாற்றிய பெண்மணி ஒருவரின் தூண்டுதலால் அதைப் பதிப்பகங்களுக்கு அனுப்பியபோது மறுப்புக் கடிதங்களே வந்து குவிந்தன. அந்த நூற்றாண்டின் கறுப்பினத்தவரைப் பற்றிய கதை என்றால் அது அடிமை வாழ்வைப் பற்றியதாகத்தான் இருக்கும் என்று பழகிவிட்ட பதிப்பாளர்களுக்கு, இந்தக் கையெழுத்துப் பிரதியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. 1994-இல்தான் அது 'நைட் சாங்' என்ற பெயரில் ஏவான் பதிப்பக வெளியீடாக வந்தது.

மகிழ்ச்சியான முடிவு அம்மக்களுக்கு என்ன பொருள் தருகிறது என்பதைக் கட்டுரையாளர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். அடிமை முறை நிலவிய மாநிலங்களில் அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் ஏற்கவே இல்லை. எசமானுக்குக் கடன் முற்றினால் கணவன் ஒருவருக்கும் மனைவி வேறொருவருக்கும் விற்கப்படலாம், பிள்ளைகளும் அவ்வாறே. 1865-இல் விடுதலை கிடைத்த பின்னர், பல ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்திருந்த தம்பதியர் தங்கள் மணத்தைப் பதிவு செய்துகொள்ளத் திரண்டு சென்றனர். பிரிக்கப்பட்டவர்களோ, காணாமற்போன கணவனையும் மனைவியையும் தாயையும் தேடிப் பத்திரிகைகளில் பல பத்தாண்டுகள் விளம்பரம் கொடுத்துக்கொண்டே இருந்தனர். இத்தகைய வரலாற்றைச் சுமந்தவர்களின் கதையில் இருவர் ஒரே கூரையின் கீழ் முதுமையடைவார்கள் என்று முடிப்பதை வெறும் வாய்பாடு என்று நான் கருதவில்லை.

1996-இல் வெளியான அவருடைய 'இண்டிகோ' நாவலின் நாயகி ஹெஸ்டருக்கு, அடிமையாக இருந்தபோது அவுரிச் சாயத்தில் உழைத்ததால் கைகளில் நிரந்தரமாக நீலம் படிந்துவிட்டது. பின்னாளில் மிச்சிகனில், தப்பி வருவோருக்குத் தன் வீட்டில் அடைக்கலம் தருகிறாள். சுதந்திர மனிதனாகப் பிறந்த அவளுடைய தந்தையோ, அடிமைப் பெண்ணொருத்தியின் மேல் கொண்ட காதலால் தன்னையே அடிமையாக விற்றுக்கொண்டவர். அந்தத் தந்தையை நினைக்கும்போதெல்லாம் இன்றும் மனம் கலங்குகிறது. ஓய்வுபெற்ற நூலகரான எனக்கு இன்னொன்றும் நிறைவளிக்கிறது: தம் கதைக்கு ஆதாரமான வரலாற்று நூல்களின் பட்டியலை நாவலின் இறுதியில் தருவது ஜென்கின்ஸின் வழக்கம்.

2003-இல் அவர் தம் கணவரை இழந்தார். அதன் பிறகும் ஒன்றுசேர்ந்து வாழ்வோரின் கதைகளையே எழுதினார் என்பதை எண்ணும்போது, அதற்கு எத்தகைய மனவுறுதி வேண்டியிருந்திருக்கும் என்று வியக்கிறேன். 2009-இல் தொடங்கிய புதிய நாவல் வரிசைக்கு, முதல் நாவலில் தாம் படைத்த அதே கான்சாஸ் ஊரையே, இக்காலத்து ஊராகக் களமாக்கினார்.

அமெரிக்கக் காதல் எழுத்தாளர் சங்கம் 2017-இல் அவருக்கு வாழ்நாள் சாதனை விருது வழங்கியது. ஆனால் அச்சங்கம் ஆண்டுதோறும் சிறந்த நாவல்களுக்கு அளித்துவந்த ரீட்டா விருது, 2019-இல்தான் முதன்முறையாகக் கறுப்பின எழுத்தாளர்களுக்குக் கிடைத்தது. 1980-இல் அச்சங்கத்தைத் தொடங்கியவர்களில் விவியன் ஸ்டீவன்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணியும் ஒருவர் என்பதால் இது மேலும் வருத்தம் தருகிறது.

கட்டுரையின் அடுத்த பகுதி அச்சேறுவதற்கு முன், 'இண்டிகோ'வின் தொடக்கப் பக்கங்களையேனும் கட்டுரையாளர் படித்துப் பார்க்க வேண்டும் என்று தங்கள் வாயிலாக அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர்,
திருச்சிராப்பள்ளி