முயல் கறி முதலில் வளர்ப்பவரின் அடுப்பில் ஏற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் முயல் வளர்ப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஏழு பெண்ணும் மூன்று ஆணும் கொண்ட ஒரு யூனிட்டில் தொடங்கினால் ஓராண்டில் எத்தனை குட்டி, எத்தனை கிலோ, எவ்வளவு வரவு என்று விரிவாகக் கணக்குப் போட்டிருந்த அக்கட்டுரையில், அந்தக் கறியை யார், எந்த வீட்டில், எப்படிச் சமைத்துச் சாப்பிடப் போகிறார்கள் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. கொடுமுடிப் பக்கம் காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் மஞ்சளும் கரும்பும் வைத்துக்கொண்டு, பதினோரு ஆண்டுகளாக முயலும் வளர்த்து, அதைச் சமைத்தும் வருகிறவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நாங்கள் தொடங்கியதும் அப்படி ஒரு கணக்கைப் பார்த்துத்தான். குட்டிகளைத் தானே திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொல்லி யூனிட்டை விற்றவர், இரண்டு முறை வந்து எடை போட்டு எடுத்துச் சென்றார். மூன்றாம் முறை தொலைபேசியை எடுக்கவே இல்லை. கூண்டுகளில் இருபத்து மூன்று குட்டிகள், ஒவ்வொன்றும் இரண்டு கிலோவை நெருங்கிக்கொண்டிருந்தன. கறிக்கடையில் கேட்டதற்கு, "அதை ஆருங்க வாங்குவாங்க?" என்றார்கள். பெருந்துறையைச் சுற்றி 2012ஆம் ஆண்டு ஈமு பண்ணைகள் சரிந்து, தீவனமின்றி விடப்பட்ட பறவைகளுக்கு அரசே தீவனம் போட நேர்ந்ததைக் கண்ட வட்டாரம் இது. ஞாயிற்றுக்கிழமை குழம்பு வைக்க வாங்குவதற்கு ஆளில்லாத ஒரு கறிக்கு எத்தனை பேர் பண்ணை வைத்தாலும் விலை நிற்காது என்பதை அப்போதுதான் நாங்கள் உணர்ந்தோம். தீவனச் செலவு தாங்காமல்தான் முதல் முயல் எங்கள் அடுப்புக்கு வந்தது.

என் மாமியார் அன்று சமையலறைப் பக்கமே வரவில்லை. "தோலுரிச்சாப் பூனையாட்டம் இருக்குது சாமி, எங்கிட்டக் கொண்டாராதே" என்றார். நானும் கோழிக்குச் செய்வதைப் போலவே செலவு (மசாலா) அரைத்துப் போட்டு, குக்கரில் ஆறு விசில் விட்டுக் கெடுத்துவிட்டேன். மூன்று மாதக் குட்டியின் சதை அவ்வளவு சூட்டைத் தாங்காது. எலும்பை விட்டுக் கழன்று, நார்நாராகப் பிரிந்து, தொட்டால் வறட்டுப் பஞ்சு போல் ஆகிவிடும். முயல் கறியில் கொழுப்பு மிகக் குறைவு, தோலும் சேராது என்பதை மனத்தில் வைத்துச் சமைத்தால்தான் அது வாய்க்கு வரும்.

இப்போது நான் செய்யும் முறை நம் பள்ளிபாளையம் வறுவலை ஒட்டியது. அறுப்பதற்கு முந்தைய இரவு தீவனத்தை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வைக்க வேண்டும். உயிரெடையில் இரண்டு கிலோ உள்ள முயலில் எலும்போடு ஒரு கிலோ அளவுக்குக் கறி கிடைக்கும். ஐந்து பேருக்குத் தாராளம். அறுத்த கையோடு சமைத்தால் சதை விறைத்து நிற்குமாதலால், உப்பும் மஞ்சளும் தடவிச் சில மணி நேரம் குளிர்ச்சியில் வைத்துவிட்டு எடுக்கிறேன். கால் கிலோ சின்ன வெங்காயத்தைக் கடலெண்ணெயில் வதக்கி, விதை உதிர்த்த வரமிளகாய் பன்னிரண்டும் கறிவேப்பிலையும் போட்டு, கறியைச் சேர்த்துப் பிரட்டி, இரண்டு கை தண்ணீர் தெளித்து மூடி, சின்னத் தீயில் முக்கால் மணி நேரம் விட்டால் போதும். இறக்கும் முன்பு தேங்காய்ப் பல்லைப் போட வேண்டும். கோழிக்கு ஊற்றுவதைவிட ஒரு கரண்டி எண்ணெய் கூடுதலாகப் பிடிக்கும். அதில் கஞ்சத்தனம் காட்டினால் கறி காய்ந்துவிடும். ஈன்று ஓய்ந்த பெரிய முயலாக இருந்தால் மட்டும் குக்கரில் வேகவைத்து, மல்லியும் மிளகும் தேங்காயும் அரைத்துக் குழம்பு வைத்து, சந்தகைக்கு (இடியாப்பம் போன்றது) ஊற்றிக்கொள்வோம். இதை மாமியார் இப்போது கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்.

இரண்டு எச்சரிக்கைகளை எந்தக் கட்டுரையும் சொல்வதில்லை. முயலின் எலும்பு மெல்லியது. கத்தியை ஓங்கி வெட்டினால் ஊசி ஊசியாகச் சிதறிக் குழந்தைகளின் தொண்டையில் குத்தும். ஆகவே மூட்டு மூட்டாகப் பார்த்துக் கத்தியால் பிரிக்க வேண்டும். அடுத்தது கல்லீரல். நல்ல முயலின் கல்லீரல் அடர்சிவப்பாக, வழவழப்பாக இருக்கும். அதில் கடுகு கடுகாக வெண்புள்ளிகள் தெரிந்தால், குட்டிகளை வாரிக்கொண்டு போகும் கழிச்சல் நோய் கூண்டுக்குள் இருக்கிறது என்று கொள்ள வேண்டும். அந்த ஈரலைப் புதைத்துவிட்டு, கூண்டின் அடித்தளத்தைக் காயவிட்டு, மற்ற முயல்களைக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். சொந்தமாக அறுத்துச் சமைக்கிறவருக்கு இது அன்றைக்கே தெரிந்துவிடும். உயிரோடு எடை போட்டு அனுப்புகிறவருக்குக் குட்டிகள் சாகத் தொடங்கிய பிறகுதான் தெரியும்.

கட்டுரையோடு வந்த படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது காட்டுமுயலின் படம். கிளுவை வேலி போட்ட கொறங்காடுகளில் (மேய்ச்சல் நிலங்களில்) திரியும் காட்டுமுயல் வேறு இனம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வேட்டையாடுவது குற்றம். எங்கள் அப்பாரு காலத்தில் நாய்களோடு வேட்டைக்குப் போனார்கள் என்பது உண்மைதான். இன்றும் 'காட்டுமுயல் வேணுங்களா' என்று காதோடு கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதன் கறி கருஞ்சிவப்பாக இருக்கும், பண்ணை முயலின் கறி கோழிக் கறியைப் போல வெளுத்திருக்கும். காட்டுமுயலின் குட்டி ரோமத்தோடு கண் திறந்து வெட்டவெளியில் பிறக்கிறது. வீட்டு முயலோ தன் வயிற்று ரோமத்தைத் தானே பிடுங்கி மெத்தையிட்டு, அதில் ரோமமில்லாத, கண் திறவாத குட்டிகளை ஈனுகிறது. இரண்டையும் ஒன்றெனக் காட்டும் படம், சட்டப்படி வளர்ப்பவர் மீதும் சந்தேகத்தை ஏற்றிவிடுகிறது.

வரவுக் கணக்கிலும் ஒரு பிழை உண்டு. கொடைக்கானல் மலை மன்னவனூரிலும் நீலகிரியின் சாண்டிநல்லாவிலும் உள்ள ஆராய்ச்சி நிலையங்களில் முயல் செழிப்பதற்கு அங்குள்ள குளிர் ஒரு காரணம். நம் சமவெளியில் சித்திரை, வைகாசி வெயிலில் ஆண் முயலின் இனவிருத்தித் திறன் குன்றிவிடுகிறது. வேப்பமர நிழலில் ஓலைக் கொட்டகை போட்டு, ஈரச் சாக்கு தொங்கவிட்டும் எங்களுக்கு அந்த மாதங்களில் ஈற்று தங்குவதில்லை. ஆண்டு முழுவதும் ஈற்றுக் கணக்குப் போட்டுக் கடன் வாங்குகிறவர் ஆடி மாதத்தில் தவித்துப்போவார். தன் வீட்டுக்கென இரண்டு பெண்ணும் ஓர் ஆணும் வைத்து, வேலிமசாலும் அகத்தியும் அறுத்துப் போடுகிறவருக்கு அந்தத் தவிப்பு இல்லை.

பிள்ளைகள் கொஞ்சி விளையாடும் பிராணியை எப்படி அறுப்பது என்று கேட்கிறவர்களின் தயக்கத்தை நான் மதிக்கிறேன். எங்கள் வீட்டில் தாய் முயல்களுக்கு மட்டுமே பெயர் உண்டு. குட்டிகளுக்குப் பெயர் வைப்பதில்லை என்று தொடக்கத்திலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டோம். அவர்கள் கண்ணெதிரே அறுப்பதுமில்லை, கோழிக் கறி என்று பொய் சொல்லிப் பரிமாறுவதுமில்லை.

எங்கள் தெருவில் இப்போது நான்கு வீடுகளில் கூண்டு இருக்கிறது. நான்கு வீடுகளிலும் மாதம் ஒரு முறையாவது முயல் கறி உண்டு. மிஞ்சும் குட்டிகளை ஒருமுறை எங்கள் வீட்டில் சாப்பிட்ட உறவினர்களே வந்து வாங்கிப் போகிறார்கள். ஆகவே, அடுத்த முறை முயல் வளர்ப்பு பற்றி எழுதும்போது வரவுக் கணக்குக்கு ஒதுக்கும் இடத்தில் பாதியையாவது அறுக்கும் முறைக்கும் சமையலுக்கும் ஒதுக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் வளர்ப்புப் பயிற்சி நடத்துவோரும், ஒரு வேளைச் சாப்பாட்டையாவது முயல் கறியோடு போட்டு, வந்தவர்களைச் சாப்பிட வைத்து அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கொடுமுடி வட்டாரம், ஈரோடு மாவட்டம்.