கூடு மாறிய பாடல்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒருவர் பாடி வெளியிட்ட பாடலை வேறொருவர் மீண்டும் தம் பாணியில் பாடிப் பதிவுசெய்யும் கவர் பாடல்களைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். மூலப் பதிவுதான் எப்போதும் உயர்ந்தது, பின்னால் பாடுகிறவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் அது முதல் பாடகருக்குச் செய்யும் மரியாதை என்ற அளவைத் தாண்டாது என்கிற கட்டுரையாளரின் முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. மூலத்தையும் கவரையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டுக் கேட்பதைப் பல ஆண்டுகளாகப் பழக்கமாகக் கொண்டவன் என்ற முறையில் என் எண்ணத்தை எழுதுகிறேன்.

ஒரு பாடலை ஒருவர் தன் வாயால் பாடும்போதுதான் அதற்குள் "நான்" என்று பேசுகிற மனிதர் பிறக்கிறார். அந்த வார்த்தைகள் முதலில் பாடியவரைவிட வேறொருவருக்கு அதிகம் பொருந்திப்போனால், பாடல் கூடுவிட்டுக் கூடு பாய்ந்துவிடுகிறது. கவர் மூலத்தை விஞ்சும் இடம் இதுவே என்று கருதுகிறேன். மற்றதெல்லாம், எவ்வளவு இனிமையாக இருந்தாலும், ஈயடிச்சான் காப்பிதான்.

அமெரிக்கப் பாடகர் ஓடிஸ் ரெடிங் தாமே எழுதி 1965இல் வெளியிட்ட 'ரெஸ்பெக்ட்' பாடலை எடுத்துக்கொள்ளலாம். உழைத்துக் களைத்து வீடு திரும்பும் ஆண், தான் கொண்டுவரும் பணத்துக்காகவேனும் கொஞ்சம் மரியாதை கொடு என்று தன் துணைவியிடம் கேட்கிறான். வேகமான, நல்ல பாடல். இரண்டே ஆண்டுகளில், 1967இல், அரேதா ஃபிராங்க்ளின் அதே பாடலை ஒரு பெண்ணின் வாயில் வைத்தார். கேட்பவரும் கேட்கப்படுபவரும் இடம் மாறியதும், வீட்டுக்குள் நடந்த ஒரு சிறு சச்சரவு, உலகத்தின் முன் எழுந்து நின்று பேசும் உரிமைக் குரலாகிவிட்டது. 'ரெஸ்பெக்ட்' என்ற சொல்லை எழுத்து எழுத்தாகக் கூட்டிச் சொல்லும் புகழ்பெற்ற பகுதி ரெடிங்கின் பதிவில் கிடையாது. அது அரேதாவின் பதிவில் புதிதாகச் சேர்ந்தது. பின்னணியில் அவருடைய சகோதரிகள் விடாமல் எதிர்க்குரல் கொடுக்கும்போது, ஒருத்தி தனியாகக் கேட்கவில்லை என்பதும் நமக்குப் புரிந்துவிடுகிறது. அந்த ஆண்டு ஜூன் மாதம் மான்டரே இசை விழாவில் இப்பாடலைப் பாடுவதற்கு முன், ஒரு பெண் தம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்ட பாடல் இது என்று ரெடிங்கே மேடையில் சொன்னார். எழுதியவரே சொன்ன பிறகு, மூலமே உயர்ந்தது என்று நாம் ஏன் வாதாட வேண்டும்?

என்னை மிகவும் பாதித்தது 'ஹர்ட்'. நைன் இஞ்ச் நெய்ல்ஸ் குழுவின் டிரென்ட் ரெஸ்னர் எழுதி 1994இல் வெளிவந்த இப்பாடல், தன்னையே வருத்திக்கொள்ளும் ஓர் இளைஞனின் வாக்குமூலம். அதன் கிட்டாரில் வேண்டுமென்றே ஓர் அபசுரம் வைக்கப்பட்டிருக்கும். முடிவில் இரைச்சல் எல்லாவற்றையும் மூடிவிடும். 2002இல் மூத்த அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் இதைப் பாடியபோது அவருக்கு வயது எழுபது, உடல் நோயால் தளர்ந்திருந்தது. தயாரிப்பாளர் ரிக் ரூபின் அபசுரத்தையும் இரைச்சலையும் நீக்கிவிட்டு, எளிய கிட்டாரையும், பல்லவி உச்சத்தை நெருங்க நெருங்க விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும் பியானோவையும் அந்தக் குரலுக்குத் துணையாக வைத்தார். வார்த்தைகள் ஏறக்குறைய அவையேதான். ரெஸ்னர் எழுதிய கொச்சைச் சொல் ஒன்று மட்டும் மாறி, கேஷின் வாயில் அது முள்முடி ஆயிற்று. ஆனால் இளைஞன் சொன்னபோது அச்சமாக இருந்த ஒவ்வொரு வரியும், முதியவர் சொல்லும்போது கணக்கு முடிப்பதாக ஆகிவிடுகிறது. தனக்குத் தெரிந்தவர்களெல்லாம் கடைசியில் போய்விடுகிறார்கள் என்று இருபதுகளில் இருப்பவர் பாடினால் அது ஒரு மனநிலை. எழுபதில் இருப்பவர் பாடினால் அது நடந்த செய்தி.

மார்க் ரோமனெக் இயக்கிய அதன் காணொளியில், பாடிக்கொண்டிருக்கும் கணவரை ஜூன் கார்ட்டர் கேஷ் சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் காட்சி ஒன்று வரும். ஒரு சொல்கூட இல்லை, பார்வை மட்டுமே. 2003 மே மாதம் ஜூன் காலமானார், செப்டம்பரில் கேஷும் போய்விட்டார். கடைசியில் அவர் பியானோவின் மூடியைச் சாத்திவிட்டு அதன்மேல் விரல்களால் மெல்லத் தடவுவார். அந்த இடத்தை என்னால் இன்றுவரை கலங்காமல் பார்க்க முடிந்ததில்லை. முதலில் தயங்கிய ரெஸ்னர், காணொளியைப் பார்த்த பிறகு, இந்தப் பாடல் இனித் தம்முடையதல்ல என்று உணர்ந்ததாகக் கூறியிருக்கிறார்.

குரலுக்குப் பதில் வாத்தியம் பேசுவதும் உண்டு. பாப் டிலன் 1967இல் வெளியிட்ட 'ஆல் அலாங் த வாட்ச்டவர்' மின்னிணைப்பு இல்லாத கிட்டாரும் ஹார்மோனிகாவும் கொண்ட சிக்கனமான பதிவு. காற்று ஊளையிடத் தொடங்கியது என்ற வரியோடு முடிந்துவிடும். மறு ஆண்டே ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அந்தக் காற்றைத் தம் மின்கிட்டாரால் வீசவிட்டார். டிலன் தம் கச்சேரிகளில் இரண்டாயிரம் தடவைக்கு மேல் இதைப் பாடியிருக்கிறார், அதுவும் பெரும்பாலும் ஹெண்ட்ரிக்ஸ் காட்டிய வழியில்.

இவ்வளவும் சொன்னதால், பெரிதாகப் பாடப்பட்டதெல்லாம் மேலானது என்று நான் வாதிடுவதாகத் தாங்கள் எண்ணிவிடக் கூடாது. டாலி பார்ட்டன் எழுதி 1974இல் வெளியிட்ட 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பாடலை, விட்னி ஹூஸ்டன் 1992இல் வாத்தியமே இல்லாமல் தொடங்கி, படிப்படியாக ஏறி, ஒரே ஓர் அதிரடித் தட்டலுக்குப் பின் உச்சத்தைத் தொட்டுப் பாடியது தொடர்ந்து 14 வாரங்கள் அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. அந்தக் குரலின் முன் யாரும் தலைவணங்கத்தான் வேண்டும். இருந்தாலும், தம்மோடு பல ஆண்டுகள் மேடையைப் பகிர்ந்த போர்ட்டர் வாக்னரிடம் விடைபெறுவதற்காகப் பார்ட்டன் எழுதிய பாடல் அது. கடைசிச் சரணத்தை அவர் பாடாமல் பேசுவதுபோல் சொல்லும் அந்த மெல்லிய பதிவில், பிரிகிறவர் இன்னும் வாசலில் தயங்கி நிற்பது கேட்கிறது. இங்கே இரண்டும் சமம் என்பேன். எனக்குப் பிடித்தது மூலம்.

விற்பனையை அளவுகோலாகக் கொண்டால் எங்கே வழுக்குவோம் என்பதற்கு 'ஹவுண்ட் டாக்' சாட்சி. லீபர், ஸ்டோலர் இருவரும் பாடகி பிக் மாமா தார்ன்டனுக்காகவே எழுதி, அவர் 1952இல் பதிவுசெய்த பாடல் அது. தன் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு சுற்றித் திரியும் ஆணைக் கதவைத் திறந்து வெளியே துரத்தும் பெண்ணின் குரல் அதில் முழங்குகிறது. 1956இல் எல்விஸ் பிரெஸ்லி பாடிய வடிவில் வரிகள் மாறிப்போய், முயல் பிடிக்கத் தெரியாத நாயைப் பற்றிய பாட்டாகவே அது ஆகிவிட்டது. விற்பனை பல மடங்கு. தாளத்தின் துள்ளலையும் நான் மறுக்கவில்லை. ஆனால் பாடலுக்குள் பேசிக்கொண்டிருந்த அந்தப் பெண் காணாமற்போய்விட்டாள். இந்த வடிவம் மூலத்தை விஞ்சியது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்காவில் கவர் விற்பனையாகும்போது உரிமைத்தொகை பாடலை எழுதியவருக்குச் சேரும். முதலில் உயிர் கொடுத்துப் பாடியவருக்கு அதில் பங்கு இல்லை, அவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அந்தக் கடமை நம்மைப் போன்ற ரசிகர்களிடமும் தங்களைப் போன்ற இதழாளர்களிடமுமே விடப்பட்டிருக்கிறது. எனவே, அடுத்த முறை சிறந்த கவர் பாடல்களைப் பற்றி எழுதும்போது, ஒவ்வொரு பாடலுக்கும் கீழே எழுதியவர் பெயரையும் முதலில் பாடியவர் பெயரையும் ஆண்டையும் சேர்த்து அச்சிடுமாறு வேண்டுகிறேன். தங்கள் கட்டுரை ஜானிஸ் ஜாப்ளினின் சாதனையாகப் பாராட்டியிருக்கும் 'பால் அண்ட் செயின்' பாடலையும் எழுதியவர் பிக் மாமா தார்ன்டன்தான். அவர் பெயர் கட்டுரையில் எங்கும் வரவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்