மாத்திரையை மாற்றும்போது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

எங்கள் மாவட்ட அரசு மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் தந்தையின் மருந்துச் சீட்டு மாற்றப்பட்டது குறித்து நான் கொடுத்த இரண்டு மனுக்களும் தங்கள் அலுவலகத்தில் இருப்பதால், முழுக் கதையையும் மறுபடி எழுதவில்லை.

நெஞ்சுவலிக்காகப் பதினோரு ஆண்டுகளாக அட்டெனோலால் சாப்பிட்டு வந்தவருக்குச் சென்ற மாதம் மெட்டோப்ரோலால் எழுதிய மருத்துவரும், அதை எடுத்துக் கொடுத்த மருந்தாளுநரும், பழையதை நிறுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அப்பா, நிறத்தையும் அளவையும் வைத்துத்தான் மாத்திரையை அடையாளம் காண்பார். கத்தரித்துக் கொடுத்த அட்டைத் துண்டில் மருந்துப் பெயரின் பின்பாதிதான் இருந்ததால் எனக்கும் விளங்கவில்லை. முன்பாதி யார் வீட்டில் இருக்கிறதோ! இரண்டுமே இதயத் துடிப்பைக் குறைப்பவை என்பதை அறியாமல் ஒன்பது நாள் இரண்டையும் விழுங்கியவர், பத்தாம் நாள் விடியற்காலையில் குளியலறை வாசலில் கிறுகிறுத்து விழுந்தார். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு வெறும் 38. கைக்குள், நெஞ்சுவலி வந்தால் இரத்தக் குழாய்களை விரிக்க வைத்துக்கொள்ளும் சார்பிட்ரேட் மாத்திரை இருந்தது. நல்லவேளை, அதை நாக்கின் அடியில் வைக்கவில்லை. வைத்திருந்தால் இரத்த அழுத்தம் இன்னும் இறங்கியிருக்கும்.

மருந்து மாறுவதை நான் குறை சொல்லவில்லை. வெடிமருந்தான நைட்ரோகிளிசரினை 1879-இல் மருத்துவர் வில்லியம் மரெல் இந்த வலிக்குப் பரிந்துரைத்தார். 1960-களில் மருந்தியலாளர் ஜேம்ஸ் பிளாக்கின் ப்ரோப்ரனலால், அதாவது அட்டெனோலால் வகையின் முன்னோடி, வந்தது. இன்று ரனோலசின் என்ற புதிய நெஞ்சுவலி மருந்து வரை வந்துவிட்டோம். கைநடுக்கம் முதலான பாதிப்புகளால் ட்ரைமெட்டாசிடின் என்ற மற்றொரு நெஞ்சுவலி மருந்தின் பயன்பாட்டை 2012-இல் ஐரோப்பிய மருந்து முகமை சுருக்கியதும் நல்ல மாற்றமே. ஆனால் அட்டெனோலால் போன்றவற்றை மாற்று மருந்தின்றித் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலி முற்றி மாரடைப்பு வரை போகக்கூடும் என்பதால், எதை விடுவது, எதைத் தொடர்வது என்பதை நோயாளியின் ஊகத்துக்கு விட முடியாது. அதனால்தான் கேட்கிறேன்: மருந்தை மாற்றும்போது எது நிறுத்தம், எது புதிது என்று நோயாளியின் நோட்டில் தமிழில் இரண்டு வரி எழுதுங்கள், வாயாலும் சொல்லுங்கள்.

வெளிநோயாளர் பிரிவின் சுவரெங்கும் ‘அமைதி காக்கவும்’ என்று எழுதியிருக்கிறது. நோயாளிகளைவிட மருந்து கொடுப்பவர்களே அதைக் கண்ணும் கருத்துமாகக் கடைப்பிடிக்கிறார்கள். மூன்று மணி நேரம் வரிசையில் நிற்பவருக்கு அரை நிமிடப் பேச்சு கிடைப்பதில்லை. கடுமையாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்தருள்க. அங்குள்ள கூட்டத்தையும் ஆள் பற்றாக்குறையையும் நானும் பார்க்கிறேன்.

வரும் செவ்வாய்க்கிழமை அப்பாவை மறுபரிசோதனைக்கு அழைத்து வருகிறேன். அன்றைக்காவது அவருடைய நோட்டில் அந்த இரண்டு வரி எழுதப்பட ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நோயாளியின் மகள்