வாசலுக்கு வரும் வண்டிக்கும் நிதி ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தால் குடும்பங்களுக்கு மிச்சமாகும் பணம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2021 மே மாதம் பெண்களுக்கென்று தொடங்கிய திட்டம், பிறகு திருநங்கையருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுக்குத் துணையாக வரும் ஒருவருக்கும் விரிந்தது. பள்ளத்தூரிலிருந்து தினமும் காரைக்குடிக்கு வேலைக்குப் போய்வரும் பெண்களைக் கேட்டால் அதன் அருமையைச் சொல்வார்கள். ஆனால் அரசு கொடுப்பது டிக்கெட்டுக்கான பணம். பஸ்ஸில் ஏறவே முடியாதவர்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அவர்களை வீட்டு வாசலிலிருந்தே ஏற்றிச்செல்லும் வண்டி வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர். கல்யாண வீடுகளில் சமையல் வேலை பார்த்தே முழங்கால் தேய்ந்தவர். காலில் சர்க்கரைப் புண். கட்டு மாற்ற காரைக்குடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பஸ் வந்து நின்றால் முதல் படியே அவர் முழங்கால் உயரத்துக்கு இருக்கும். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து இழுத்தால்தான் உடம்பு மேலே வரும். கைத்தடியை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும், பின்னாலிருந்து ஒருவர் தாங்க வேண்டும். அதற்குள் விசில் கொடுத்துவிடுகிறார்கள். கண்டக்டரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு அடுத்த நிறுத்தத்தின் நேரம். பெரியவர் ஆட்டோவில் போகிறார். 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகையில் ஆட்டோ கூலி போக என்ன மிஞ்சும்? ஆண் என்பதால் அவருக்கு இலவசப் பயணமும் கிடையாது. 60 வயது கடந்தவர்களுக்கு மாதம் 10 இலவசப் பயண டோக்கன் தரும் ஏற்பாடு சென்னை மாநகரப் பேருந்துகளோடு நின்றுவிட்டது. ரயிலில் இருந்த மூத்த குடிமக்கள் சலுகையையும் 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள்.

வசதியானவர்கள் நிலைமையும் இதில் பெரிதாக வேறுபடவில்லை. கானாடுகாத்தானில் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் முகப்பைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற அந்த வீட்டுக்குள் பல இடங்களில் ஓர் ஆச்சி மட்டும்தான் இருப்பார். பிள்ளைகள் சென்னையில், சிங்கப்பூரில், அமெரிக்காவில். மாதாமாதம் பணம் வருகிறது. கையைப் பிடித்து வண்டியில் ஏற்றிவிட ஆள் இல்லை.

வீட்டிலிருந்து வெளியே வர முடியாதவர்களை அரசு மறந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கு வருகிறது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் ரேஷன் அரிசியும் வருகிறது. உயிருக்கு ஆபத்து என்றால் 108 ஆம்புலன்ஸ், பிரசவம் முடிந்து வீடு திரும்ப 102 வண்டி. ஆனால் புண்ணுக்குக் கட்டு மாற்றவும், கண் பரிசோதனைக்கும், வங்கிக்கும், சிவகங்கை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கவும் மனிதர் நேரில்தானே போக வேண்டும்? பேத்தி கல்யாணத்துக்கும் கொப்புடையம்மன் தேருக்கும் போவதையும் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். ஆஸ்பத்திரிக்கு மட்டும் வெளியே வருவது ஒரு வாழ்க்கையா?

பேருந்து மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. தாழ்தளப் பேருந்துகள் பெருநகரங்களைத் தாண்டி எங்கள் பக்கம் வரக் காணோம். 2025 ஜூனில் தொடங்கிய புதிய மினி பஸ் திட்டம் பஸ்ஸே போகாத ஊர்களுக்கு நல்லதுதான், ஆனால் அவை தனியார் வண்டிகள், காசு கொடுத்துத்தான் ஏற வேண்டும். படியும் அதே படி.

அமெரிக்காவில் இதற்கென்றே தனி நிதி இருக்கிறது. 5310 என்ற சட்டப் பிரிவின் கீழ், முதியோரையும் மாற்றுத்திறனாளிகளையும் ஏற்றிச்செல்லும் வண்டி வாங்க 80 சதவீதம் வரையிலும், வண்டியை ஓட்டும் செலவில் 50 சதவீதம் வரையிலும் மத்திய அரசு தருகிறது. மீதியை உள்ளூரில் திரட்ட வேண்டும். நான் முக்கியமாக நினைப்பது அந்த ஓட்டும் செலவைத்தான். இங்கே எம்.பி. தொகுதி நிதியில் வாகனம் வாங்க இடமுண்டு, டிரைவர் சம்பளத்துக்கும் டீசலுக்கும் அதில் இடமில்லை. நன்கொடையாக வரும் வேனும் முதல் டயர் தேயும்வரைதான் ஓடுகிறது.

நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடுகிறது. அதே முறையில் வண்டி வாங்கலாம். ஊருணி வெட்டியும் பள்ளிக்கூடம் கட்டியும் கொடுத்த ஊர்கள் இவை. அந்த ஒரு பங்குக்குக் குறைவிருக்காது. வண்டி வந்த பிறகு ஆகும் மாதச் செலவை அரசு ஏற்க வேண்டும். அது இல்லாமல் வண்டி மட்டும் வேண்டாம்.

முதலில் சாக்கோட்டை ஒன்றியத்திலும் அதை ஒட்டிய பேரூராட்சிகளிலும் தொடங்கிப் பார்க்கலாம். சக்கர நாற்காலியோடு ஏறச் சாய்தளம், கைகொடுக்க ஓர் உதவியாளர், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சலுகை. முன்பதிவுக்குச் செயலி வைத்தால் எங்கள் பெரியவர்களால் முடியாது, போனை எடுத்துப் பேச ஆள் வேண்டும். வரும் பட்ஜெட்டில் இதற்கெனத் தனித் தலைப்பில் நிதி ஒதுக்குமாறு போக்குவரத்துத் துறையையும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையையும் தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்