சான்று உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், தெருக்கூத்து வாத்தியார் ஒருவரைப் பற்றிய கட்டுரையைத் தமிழ் விக்கிப்பீடியாவிலிருந்து நீக்கியதைக் கண்டித்து எழுதியிருந்தீர்கள். முகம் தெரியாத நாலு பேர் சேர்ந்துகொண்டு ஒரு கிராமத்துக் கலைஞரை இல்லாமல் ஆக்குகிறார்கள் என்று படிப்பவர்கள் நினைக்கும்படி இருந்தது. உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அது போய்ச் சேர்ந்த இடம் தவறு. அங்கே பல வருடங்களாக எழுதுகிறவன் நான், அந்த நீக்கல் உரையாடலிலும் இருந்தேன், அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கட்டுரையில் மூன்று சான்றுகள் கொடுக்கப்பட்டிருந்தன. ஒரு முகநூல் பதிவு, ஒரு கோயில் திருவிழா நோட்டீஸின் படம், அப்புறம் உங்கள் பத்திரிகையின் மாவட்டப் பதிப்பில் அவரைப் பற்றி வந்த அரைப்பக்கக் கட்டுரைக்கான இணைப்பு. முதல் இரண்டும் நிற்காது, அது எழுதியவருக்கே தெரியும். மூன்றாவதை அழுத்தினால் உங்கள் முகப்புப் பக்கம் வந்து நின்றது. இணையதளத்தைப் புதுப்பித்தபோது பழைய முகவரிகள் எல்லாம் போய்விட்டன. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் தேடினோம், அந்தப் பக்கத்தை யாரும் சேமித்து வைக்கவில்லை. "நான் படித்தேன், வெட்டிக்கூட வைத்திருந்தேன்" என்று விக்கிப்பீடியாவில் அதை எழுதியவர், கட்டுரையோடு இருக்கும் விவாதத்துக்கான பேச்சுப் பக்கத்தில் திரும்பத் திரும்ப எழுதினார். நீக்க வேண்டும் என்ற அறிவிப்பை, அதாவது நீக்கல் வார்ப்புருவை, கட்டுரையில் இட்டவர் அதை மறுக்கவே இல்லை. இணைப்பு வேண்டாம், எந்தத் தேதி, எந்தப் பதிப்பு, எத்தனையாம் பக்கம் என்று சொன்னால் போதும், வார்ப்புருவை நானே எடுத்துவிடுகிறேன் என்றார். இணையத்தில் இருந்தால்தான் சான்று என்று விக்கிப்பீடியாவில் விதி எதுவும் கிடையாது, அச்சில் வந்தது தாராளமாகப் போதும். தேதிதான் யாருக்கும் நினைவில்லை. உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதில் வரவில்லை. கட்டுரை போய்விட்டது.

நல்ல மனிதர், நாடறிந்த கலைஞர், விட்டுவைத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பீர்கள். 2005-இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகன்தாலருக்கும் கென்னடி கொலைக்கும் தொடர்பு இருந்ததாகச் சந்தேகிக்கப்பட்டது என்று யாரோ ஒருவர் ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதிவைத்தார். முழுப் பொய். நான்கு மாதம் யார் கண்ணிலும் படாமல் அது அங்கேயே கிடந்தது. அதற்குப் பிறகுதான் உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய கட்டுரைகளில் சான்று விஷயத்தில் இவ்வளவு கறாராக ஆனார்கள். எழுதியவர் யோக்கியரா என்று படிப்பவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வழியில்லை, அவரால் சரிபார்க்க முடிந்தது சான்றை மட்டும்தான்.

ஆனால் சான்று வேண்டும் என்ற இந்த விதி எல்லோர் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை, அதுதான் எனக்கு வலிக்கிற இடம். 2018 அக்டோபர் 2 அன்று இயற்பியலுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. பரிசு பெற்ற மூவரில் டோனா ஸ்ட்ரிக்லண்டுக்கு மட்டும் ஆங்கில விக்கிப்பீடியாவில் கட்டுரை இல்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பணிபுரிபவர். லேசர் துடிப்பை முதலில் நீட்டி, அப்புறம் பெருக்கி, மறுபடி சுருக்கி, கண் அறுவை சிகிச்சை வரை பயன்படும் அளவுக்கு வலுவாக்கும் முறையை 1985-இல் ஜெரார் மூரூவுடன் சேர்ந்து வெளியிட்டவர். 1903-இல் மேரி கியூரி, 1963-இல் மரியா கெப்பர்ட் மேயர், அவர்களுக்குப் பிறகு இயற்பியல் நோபல் பெற்ற மூன்றாவது பெண். அவரைப் பற்றிய வரைவை அதே வருடம் மே மாதம் ஒரு தன்னார்வலர் சான்று போதாது என்று திருப்பி அனுப்பியிருந்தார். பரிசு அறிவித்த அன்று உலகப் பத்திரிகைகள் எல்லாம் விக்கிப்பீடியாவைப் பிடித்துக் காய்ச்சின.

திருப்பியவர் கொஞ்சம் தேடிப் பார்த்திருக்கலாம் என்பது என் கருத்து. 2013-இல் அமெரிக்காவின் ஆப்டிகல் சொசைட்டிக்குத் தலைவராக இருந்தவர் அவர், யாருக்குக் கட்டுரை இருக்கலாம் என்று கல்வியாளர்களுக்கென வைத்திருக்கும் தனி அளவுகோலில் அது ஒன்றே போதும். ஆனால் அன்றைக்கு அத்தனை ஆவேசமாக எழுதிய பத்திரிகைகள் அதற்கு முந்தைய முப்பத்து மூன்று வருடங்களில் அந்த அம்மாவைப் பற்றி என்ன எழுதின? பணிபுரியும் பல்கலைக்கழகமும் தலைமை தாங்கிய சங்கமும் தங்கள் ஆளைப் பற்றித் தாங்களே சொல்வதைத் தனிச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது, வெளியிலிருந்து ஒருவர் எழுதியிருக்க வேண்டும். வெளியார் எழுதவில்லை. உலகத்தின் பாரபட்சத்தைத்தான் விக்கிப்பீடியா காட்டுகிறது என்று அப்போது விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் செயல் இயக்குநராக இருந்த கேத்தரின் மாஹர் பதில் எழுதினார். பொறுப்பைத் தட்டிக்கழிக்கிற பேச்சு என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அது பாதிக்கு மேல் உண்மை என்றே படுகிறது.

தமிழில் தினமும் பார்க்கிறேன். அடுத்த மாதம் முதல் படம் வெளிவரப்போகும் நடிகருக்குப் பத்து இணையதளச் செய்திகள் இருக்கும், பத்தும் பட நிறுவனம் அனுப்பிய ஒரே குறிப்பை வரிக்கு வரி போட்டவை. அதையும் சான்றென்று கொண்டுவந்து வைக்கிறார்கள், சண்டை போட்டு நிலைக்கவும் வைக்கிறார்கள். ஆயுள் முழுக்க விடிய விடிய ஆடிய கலைஞருக்கு மாவட்டச் செய்திப் பக்கத்தின் மூலையில் நாலு வரி, அதில் எழுதியவர் பெயர் இருக்காது, இ-பேப்பரில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு அதுவும் போய்விடும். வாய்மொழியையே சான்றாக எடுத்துக்கொள்ளலாமா என்று 2011-இல் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஒரு முயற்சி நடந்தது. நல்ல முயற்சி, ஆனால் விதியை மாற்றும் அளவுக்கு வளரவில்லை. ஆக, மிஞ்சுவது பத்திரிகைதான்.

அந்தப் பத்திரிகையும் விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதினால் எங்களுக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் மிஞ்சாது. 2009 பிப்ரவரியில் ஜெர்மனியில் புதிய பொருளாதார அமைச்சர் குட்டன்பர்க்கின் நீளமான பெயர் வரிசையில் இல்லாத ஒரு "வில்ஹெல்மை" யாரோ விக்கிப்பீடியாவில் சேர்த்தார். பெரிய பத்திரிகைகள் அப்படியே அச்சிட்டன. பெயர் சரிதானா என்று விக்கிப்பீடியாவில் கேள்வி எழுந்தபோது, அதே செய்திகளில் ஒன்றே சான்றாக வந்து நின்றது. இங்கேயும் ஒரு கலைஞர் காலமானால் பிறந்த ஆண்டை எங்கள் கட்டுரையிலிருந்து எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். நாங்கள் சான்று தேவை என்று குறியிட்டு வைத்திருந்த ஆண்டாகவே அது இருக்கும். வீட்டாரிடம் ஒரு போன் செய்து கேட்டால் எங்களுக்கும் சேர்த்துப் பெரிய உபகாரம்.

இலங்கையைப் பாருங்கள். 1981-இல் யாழ்ப்பாண நூலகத்தையும் ஈழநாடு நாளிதழின் அலுவலகத்தையும் எரித்தார்கள். அவ்வளவு இழந்தவர்கள் 2005-இல் நூலகம் திட்டத்தைத் தொடங்கி, வீடு வீடாகக் கிடந்த பழைய இதழ்களையும் மலர்களையும் படிமமாக்கி யாரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்தார்கள். அதனால் இன்றைக்கு ஈழத்து எழுத்தாளர் ஒருவரைப் பற்றிய கட்டுரையில் சண்டை வந்தால், யாராவது பழைய இதழின் பக்கத்தை எடுத்துவந்து பேச்சுப் பக்கத்தில் வைத்து முடித்துவிட முடிகிறது. உங்கள் இதழ்களை யாரும் எரிக்கவில்லை. கட்டிவைத்த தொகுப்புகளாக உங்களிடமே பத்திரமாக இருக்கின்றன, எங்களுக்கு எட்டவில்லை, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் இலவசமாகத் திறந்துவிடுங்கள் என்று கேட்கவில்லை. பத்திரிகை நடத்தப் பணம் வேண்டும் என்பது தெரியும். தளத்தை மாற்றும்போது பழைய முகவரிகள் புதிய பக்கங்களுக்குப் போய்ச் சேரும்படி செய்யச் சொல்லுங்கள், அது உங்கள் தொழில்நுட்ப ஆட்களுக்குப் பெரிய வேலை இல்லை. மாவட்டப் பதிப்புச் செய்திகளிலும் தேதியும் எழுதியவர் பெயரும் இருக்கட்டும். தலைப்பும் தேதியும் பக்க எண்ணும் கொண்ட ஓர் அட்டவணையாவது பொதுவில் வையுங்கள், செய்தியைப் படிக்கப் பணம் கட்டச் சொன்னாலும் பரவாயில்லை.

கூத்து வாத்தியார் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி உண்டு. நீக்கலைக் கண்டித்து நீங்கள் எழுதியதிலேயே அவருடைய குருவின் பெயர், ஊர், அவர் கட்டும் வேடங்கள் எல்லாம் ஒரு பத்தியில் வந்திருக்கின்றன. அது இப்போது ஒரு சான்று. அந்தப் பழைய அரைப்பக்கமும் கிடைத்தால் இரண்டாகிவிடும், மறுபடி யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நீக்கிய கட்டுரை முழுதாக அழிந்துவிடவில்லை, நிர்வாகிகளால் மீட்க முடியும். தேதி, பதிப்பு, பக்க எண் மூன்றையும் தேடி இந்தக் கடிதப் பகுதியிலேயே வெளியிடுங்கள். அன்றைக்கே தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் மீட்பு வேண்டுகோளை நானே வைக்கிறேன்.

இப்படிக்கு,
தமிழ் விக்கிப்பீடியா தன்னார்வலர் ஒருவர்,
திருவண்ணாமலை