அக்காவின் ஸ்வெட்டரைத் தம்பி போட்டால் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் என் நான்கு வயது மகன், அக்காவுக்குச் சின்னதாகிப்போன ஊதா ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனான். மார்பில் ஒரு பட்டாம்பூச்சி இருக்கும். அக்கா போட்டது என்பதாலேயே அவனுக்கு அதன் மேல் அவ்வளவு ஆசை. வாசலில் நின்ற பெரியவர் ஒருவர், "என்னடா, பொண்ணு ஸ்வெட்டரைப் போட்டிருக்கே?" என்று சிரித்தார். கெட்ட மனதோடு சொல்லவில்லை. ஆனால் மறுநாள் நல்ல குளிரிலும் அவன் அதைத் தொட மறுத்துவிட்டான். வெறும் சட்டையோடு நடுங்கிக்கொண்டே போனான். அதனால்தான் இந்தக் கடிதம்.

என் தோழி வீட்டில் மூத்தவன் பையன். அவனுடைய பேன்ட், சட்டை, மழைக்கோட்டு எல்லாம் தங்கைக்கு வருகின்றன. யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. "துறுதுறுன்னு இருக்கா" என்று பாராட்டுகூடக் கிடைக்கிறது. அண்ணன் உடையைத் தங்கை போட்டால் அழகு, அக்கா உடையைத் தம்பி போட்டால் அவமானம் என்றால், நாம் எதைத் தாழ்வாக நினைக்கிறோம்? துணியையா? எனக்கு மகனைவிட மகளை நினைத்துத்தான் அதிகம் வலிக்கிறது. அந்தப் பெரியவர் சிரித்தபோது அவளும் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

காலங்காலமாக இப்படித்தான் என்கிறார்கள். அது சரியில்லை. பின்னாளில் அமெரிக்க அதிபரான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், 1884-இல் இரண்டரை வயதில் எடுத்த படத்தில் வெள்ளைக் கவுனும் நீண்ட முடியுமாக உட்கார்ந்திருக்கிறார். அந்தக் காலத்தில் அங்கே ஆறேழு வயதுவரை பையன்களும் கவுன் போடுவது வழக்கம். வெள்ளைத் துணியை வெளுப்பது சுலபம், கவுன் என்றால் கீழ்த்துணி மாற்றுவதும் சுலபம். 1918-இல் அந்நாட்டின் குழந்தை உடை வணிக இதழ் ஒன்று, இளஞ்சிவப்பு அழுத்தமான நிறம், அதனால் அது பையன்களுக்கு, மென்மையான நீலம் பெண்களுக்கு என்று எழுதியது. இன்றைக்கு அப்படியே தலைகீழ்! குழந்தை ஆணா பெண்ணா என்று பிறக்கும் முன்பே தெரிந்துகொள்ள முடிந்த நாடுகளில், 1980-களுக்குப் பிறகு இந்தப் பிரிவு இன்னும் இறுகியது. வியாபாரிகளுக்கு இதில் லாபம் உண்டு. முதல் குழந்தையின் உடை இரண்டாவதற்கு ஆகாது என்றால் எல்லாவற்றையும் மறுபடி வாங்கத்தானே வேண்டும்?

குழந்தை முதல் வருடத்திலேயே ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் வளர்ந்து, எடை மூன்று மடங்காகிவிடுகிறது. உடை கிழிவதற்குள் பிள்ளை அதைத் தாண்டிவிடுகிறது. பலமுறை துவைத்த பருத்தி புதுத்துணியைவிட உடம்புக்கு மெத்தென்றும் இருக்கும். ஒரு பருத்தி டி-ஷர்ட் உருவாக, பஞ்சு விளைவதிலிருந்து சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் ஆகும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அப்படி உருவான உடையை, அதில் பட்டாம்பூச்சி இருக்கிறது என்பதற்காக ஒதுக்கி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் இன்னொன்று. ஒரே வயது, ஒரே உயரம்தான், ஆனால் பையன்களின் பேன்ட்டில் பாக்கெட் இருக்க, என் மகளின் பேன்ட்டில் பாக்கெட் மாதிரி வெறும் தையல்தான் இருக்கிறது. பொறுக்கிய கூழாங்கற்களைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடுகிறாள். உடை தைப்பவர்கள் எல்லாப் பிள்ளைகளுக்கும் கை நுழையும் பாக்கெட் வைக்கட்டும். பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்றால் திணிக்க வேண்டாம், அது வேறு. பிடித்ததைப் பெரியவர்கள் பிடுங்க வேண்டாம் என்றுதான் கேட்கிறேன்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் இதழின் குழந்தை உடைப் பக்கத்தில் 'சிறுவர்', 'சிறுமியர்' என்று இரண்டாகப் பிரித்துப் படம் போடுகிறீர்கள். அடுத்த இதழிலிருந்து வயதையும் அளவையும் மட்டும் போடுங்களேன்.

இப்படிக்கு,
இரு பிள்ளைகளின் தாய்