ஆண்டறிக்கை 2024-25: வளரி ஏந்திய சூப்பர் ஹீரோ

காமிக்ஸ் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். மாதக் கூட்டங்கள் வழக்கம்போலக் காரைக்குடியில் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பழைய முத்து, லயன் இதழ்களைச் சங்கத்துக்குக் கொடுத்தவர்களுக்கு நன்றி. 1972ல் இரும்புக்கை மாயாவியோடு முத்து காமிக்ஸ் தொடங்கிய நாளிலிருந்து படித்துவரும் மூத்தவர்கள் நம்மோடு இருப்பது பெரிய பலம்.

சரி, இந்த ஆண்டின் முக்கியமான வேலைக்கு வருகிறேன். சூப்பர் ஹீரோ பேட்மேனை நம் வரலாற்றுக்குள் கொண்டுவந்து வரைவது என்று முடிவு செய்தோம். வெளியே இது பழைய பழக்கம்தான். 1989லேயே அமெரிக்க காமிக்ஸ் நிறுவனமான டிசி பேட்மேனை விக்டோரியா காலத்துக்கு அனுப்பியது, 2003ல் இன்னொரு நிறுவனமான மார்வெல் தன் ஆட்களை 1602ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நிறுத்தியது. அதில் பிறவியிலேயே அபூர்வ சக்தி கொண்ட மியூட்டன்ட்களைத் திருச்சபையின் விசாரணைக்காரர்கள் வேட்டையாடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் உடுப்பை மட்டும் மாற்றிவிட்டு நிற்காமல், இப்படி ஒருவன் அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் சுற்றியிருப்பவர்கள் அவனை என்ன பாடு படுத்தியிருப்பார்கள் என்றும் யோசித்திருக்கிறார்கள்.

நாம் எடுத்துக்கொண்டது மருது சகோதரர்கள் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்துப் போரிட்ட 1801. சின்ன மருதுவின் சிறுவயல் நமக்குப் பக்கத்து ஊர். பேட்மேன் கையில் கொடுக்க வளரி என்ற வளைந்த எறி ஆயுதம் இருக்கிறது. ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலப் படை அதிகாரி எழுதியிருக்கிறார், தேர்ந்த கை வீசினால் நூறு கஜத்துக்குள் குறி தப்பாதாம். அதே வெல்ஷ் பிறகு மருதுவுக்கு எதிரான படையில் வந்தார். குருவும் சீடனும் எதிரெதிரே நிற்கும் இந்தக் கதையை நாம் கற்பனை செய்யவே வேண்டியதில்லை.

முதலில் வந்த படங்களில் திருத்தம் நிறைய இருந்தது. மருது காலத்துக் காட்சியில் செட்டிநாட்டு வீடுகளில் பதிக்கும் ஆத்தங்குடிப் பூக்கல் உள்ள முகப்பு வரக்கூடாது. அந்தக் கல்லுக்கு சிமென்ட் வேண்டும், போர்ட்லண்ட் சிமென்ட்டுக்குக் காப்புரிமை வாங்கியதே 1824ல்தான். நாம் பார்க்கும் பெரிய வீடுகளும் பெரும்பாலும் அதற்குப் பிறகு கட்டியவை. சீமைக்கருவேலமும் அப்போது இல்லை. நீளமான அங்கியும் வேண்டாம், முள்ளுக்காட்டில் பத்தடி ஓடுவதற்குள் கிழிந்துவிடும்.

அதிகம் விவாதித்தது ஒரே கேள்வியைத்தான். 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். நம் ஹீரோ அவர்களைக் காப்பாற்றலாமா? இளைஞர்கள் காப்பாற்றியே தீர வேண்டும் என்றார்கள், அந்த ஆசை எனக்கும் உண்டு. ஆனால் காப்பாற்றிவிட்டால் அவர்கள் கொடுத்த உயிருக்கு நம் கதையில் மதிப்பு இருக்காது என்று ஒரு மூத்த உறுப்பினர் சொன்னதோடு கூட்டம் கொஞ்சம் அடங்கியது. அப்புறம் வழி கிடைத்தது. சிறுவயலிலிருந்து காளையார்கோயிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போடக் கம்பெனிப் படை ஒரு மாதம் போராடிப் பார்த்துக் கைவிட்டது உண்மையில் நடந்தது. நம் ஹீரோவை அந்தக் காட்டுக்குள் இறக்கிவிட்டோம். பகலில் வெட்டியவர்களை ராத்திரியில் விரட்டுவது அவன் வேலை. அவன் ஜெயிப்பதும் தோற்பதும் நடந்த வரலாற்றை மீறாது.

பேட்மேன் பெயரும் சின்னமும் டிசிக்குச் சொந்தம், அச்சடித்து விற்க முடியாது. அதனால் நம் ஆளுக்குச் சொந்தப் பெயர் வேண்டும், அதைப் பொதுக்குழு இன்று முடிவு செய்ய வேண்டும்.

அடுத்த ஆண்டுக்கு ரங்கூன் கதையை முன்மொழிகிறேன். சூப்பர்மேன் 1938லும் பேட்மேன் 1939லும் பிறந்தபோது நம் ஊர்க்காரர்கள் பர்மாவில் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்து பொருள் தேடப் போயிருந்தார்கள். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்தது, எத்தனையோ பேர் கால்நடையாகவே இந்தியா திரும்பினார்கள். அந்த நடையில் பறக்கத் தெரிந்த ஒருவன் யாரை முதலில் தூக்குவான்? வீட்டில் பர்மாக் கடிதங்களோ படங்களோ வைத்திருப்பவர்கள் நகல் எடுத்துத் தாருங்கள். வரையத் தெரிந்த பிள்ளைகளையும் அடுத்த கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள், தாளும் மையும் சங்கச் செலவு.

செயலாளர்